மெடிசின் கிடைக்காட்டி மண் படிப்பா எண்டு கேட்ட மூதூர் அக்காவுக்கு

அக்கா, நேற்று போனில நீங்க அழுதபடியா ஒண்டும் சொல்ல ஏலாமப் போச்சு, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். மகளுக்கு மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கெம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற ஏ/எல் புள்ளி) காணாது, அக்ரி, அதாவது விவசாயப் படிப்பு, கிடைக்கும், "மண்ணைக் கிண்டவா இவ்வளவு டியூசனுக்கு அனுப்பினன்" எண்டு கேட்டீங்க. அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மனசில கிடக்குது.

உங்கட ஊரையே பாருங்க. மகாவலி கொட்டியாரக்குடாவில கடலோட சேருது. ஆத்தில மண் அள்ள அள்ள அடி ஆழமாகும், ஆழமானா கடல்தண்ணி உள்ளுக்கு ஏறும், கிணறும் வயலும் உவராகும், நெல்லுப் பயிர் நுனி கருகும், வயல்காரர் உரம் காணாதாக்கும் எண்டு நினைச்சு கடன்பட்டு இன்னும் உரம் போடுவார். ஆராவது அந்த மண்ணை எடுத்து லேப்பில மின்கடத்துதிறன் பார்த்தா (உப்புக் கூடக் கூட அதுவும் கூடும்), மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் எண்ட அளவுக்கு மேல காட்டினா அது உவர்மண், உரத்தால சரி வராது. இதைச் சொல்லத் தெரிஞ்ச ஆளாத்தான் உங்கட மகள் வரப்போறா.

பேராதனையில, வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தில, கிளிநொச்சியில இருக்கிற யாழ் கெம்பஸ்ட அக்ரி பீடத்தில, எங்கயும் நாலு வருஷம். மண் விஞ்ஞானத்தோட ஜிஐஎஸ்ஸும் (கம்பியூட்டரில வரைபடம் போட்டு இடங்களை ஆராயிற முறை) கட்டாயம் பழகோணும், காடு வயலாகி வயல் வீட்டுக்காணியானதை சட்டலைட் படத்தில பிடிக்கிறது அதாலதான். அதுக்கான கியூஜிஐஎஸ் எண்ட மென்பொருள் இலவசம், கெம்பஸ் தொடங்குமட்டும் வீட்டில இருந்தே பழகலாம்.

வேலையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டன். அரசாங்க வேலைக்குக் காத்திருக்கோணும், கொன்சல்டன்சியில புரொஜெக்ட் இருக்கிற வரைக்கும்தான் சம்பளம், வெயிலுக்க நடக்கோணும். ஆனா 1988இல சுற்றாடல் சட்டத்தைத் திருத்தினதுக்குப் பிறகு, சட்டத்தில குறிச்ச பெரிய திட்டங்களுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீடு (ஈஐஏ) இல்லாம அனுமதி இல்லை, அந்த ஈஐஏ அறிக்கையை 30 நாள் சனம் பார்த்து கருத்துச் சொல்லலாம். எங்கட சனத்துக்கு அதைத் தமிழில விளங்கப்படுத்த, மண் தெரிஞ்ச எங்கட பிள்ளையள் வேணும் அக்கா, நான் இதை மனசறிஞ்சு சொல்றன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில ஒழுங்கு போட முதல் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. கெமிஸ்ட்ரி பிடிக்குமா, வயல்ல நிக்க ஏலுமா எண்டு அவவிட்டயே கேக்கிறன், நீங்க பக்கத்தில இருந்து கேளுங்க.