மூன்று மருந்தும் ஒரே சேதம், ஏன்?

கேள்வி: ஸ்வீட் கார்னில் கதிர்ப்புழுவுக்கு மூன்று மருந்துகளை அடுத்தடுத்த வரிசைகளில், பட்டுநூல் (கதிர் நுனியில் தொங்கும் மெல்லிய இழைகள்) நன்றாக வளர்ந்தபின் ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே அளவு சேதம். மருந்து மோசமா, சோதனை தவறா?

பதில்: சோதனைதான் தவறு; மருந்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த வரிசை என்றால் ஒன்றின் சாரல் மற்றதில் விழும். வயலை 4 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா மருந்துக்கும் ஒரு பாத்தி, மருந்தே அடிக்காத பாத்தி ஒன்று என்று சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். மருந்தடிக்காத பாத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புழு குறைந்த பருவத்தில் எந்த மருந்தும் நல்ல மருந்தாகவே தெரியும்.

பாத்திக்கு 4 வரிசை, 6 மீட்டர் நீளம். இடைவெளி 60 செ.மீ. என்றால் 14.4 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 500 லிட்டர் கரைசல் என்ற கணக்கில் பாத்திக்கு 720 மி.லி. போதும். முதலில் வெறும் தண்ணீரை அடித்து, அந்த அளவு சரியாகத் தீரும்படி நடை வேகத்தைப் பழகுங்கள்.

அடுத்தது நேரம். உங்கள் சோதனையின் பெரிய ஓட்டை இதுதான். அந்துப்பூச்சி புதுப் பட்டுநூலில் முட்டையிடும். வெயில் காலத்தில் சுமார் மூன்று நாளில் புழு பொரிந்து நூல் வழியே கதிருக்குள் இறங்கிவிடும். அதன்பின் மருந்து எட்டாது. நூலும் நாளுக்கு 2 முதல் 4 செ.மீ. வளர்வதால், மருந்து படாத புது நூல் தினமும் வெளியே வருகிறது. எனவே நூல் தலைகாட்டியதும் முதல் தெளிப்பு. நூல் காய்ந்து பழுப்பாகும்வரை 3 நாளுக்கு ஒருமுறை. லேபிள் அத்தனை முறை அனுமதிக்காவிட்டால் வெவ்வேறு வகை மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்கும் முறையையே ஒரு மருந்துபோல வைத்துச் சோதியுங்கள். உள்ளீடற்ற கூம்பு வடிவில் தெளிக்கும் (hollow cone) நாசிலை இருபுறமிருந்தும் கதிர் உயரத்துக்கே பிடிக்க வேண்டும். உச்சியில் அடிப்பது வீண்.

கேள்வி: பலனை எப்படி எண்ணுவது? புழுக்களை எண்ணினால் போதுமா?

பதில்: போதாது. கதிர்ப்புழு தன் இனத்தையே தின்னும். ஒரு கதிரில் பெரும்பாலும் ஒன்றே பெரிதாகித் தங்கும். அது வெளியேறியிருந்தால் எண்ணிக்கை பூஜ்யம், சேதமோ முழுசு. நடு இரண்டு வரிசைகளில் மட்டும் பாத்திக்கு 25 கதிர் பறித்து, உறையுரித்து, சேதமற்றவை, நுனி மட்டும் தின்றவை, பக்கவாட்டில் துளைத்தவை எனப் பிரியுங்கள். மருந்தடிக்காத 100 கதிரில் 60 சேதம், மருந்தடித்த 100-இல் 15 என்றால், 60-இல் 45 குறைந்திருக்கிறது. அதாவது கட்டுப்பாடு 75 சதவீதம். நான்கு பகுதிகளின் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே பகுதியில் மட்டும் ஜெயித்த மருந்தை நம்ப வேண்டாம்.