தோட்டக்காரர் மீது யாருக்குச் சந்தேகம்?

கேள்வி: எனக்கு வயது நாற்பத்தொன்று. துப்பறியும் நாவல்களை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகக் குற்றம், புலனாய்வு தொடர்பான 600 ஆங்கிலச் சொற்களும் அவற்றின் தமிழ்ப் பொருளும் அடங்கிய பட்டியல் ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களில் மனப்பாடம் செய்து முடித்தேன். அப்படியிருந்தும் கதை பிடிபடவில்லை. அண்மையில் படித்த நாவலில், ஆய்வாளர் தோட்டக்காரரைத்தான் சந்தேகிக்கிறார் என்று நம்பி இருநூறு பக்கங்கள் படித்தேன். கடைசியில் பார்த்தால், தோட்டக்காரர் செய்திருக்கமாட்டார் என்றுதான் அவர் தொடக்கம் முதலே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பட்டியலை விற்றவரிடம் முறையிட்டபோது, 2000 சொற்களைக் கற்றுத்தரும் அடுத்த நிலை வகுப்பில் சேர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். 600 சொற்களைப் படித்தும் ஒரு வாக்கியம் தலைகீழாகப் புரிந்திருக்கிறது என்றால், 2000 சொற்களைப் படித்தாலும் அது தலைகீழாகவேதான் புரியும்.

உங்களை இருநூறு பக்கங்கள் அலையவிட்ட வாக்கியம் பெரும்பாலும் ‘ஐ டவுட் தி கார்டனர் டிட் இட்’ என்பதாகவோ அதன் சாயலிலோ இருந்திருக்கும். உங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘டவுட்’ என்பதற்கு எதிரே சந்தேகி என்றும், சில பக்கங்கள் தள்ளி ‘சஸ்பெக்ட்’ என்பதற்கு எதிரேயும் அதே சந்தேகி என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் பிழையில்லை, இரண்டாலும் பயனுமில்லை. ‘ஐ சஸ்பெக்ட் ஹி டிட் இட்’ என்று ஆய்வாளர் சொன்னால், அவன்தான் செய்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றுகிறது. ‘ஐ டவுட் ஹி டிட் இட்’ என்று சொன்னால், அவன் செய்திருப்பான் என்று அவர் நம்பவில்லை. ஒன்று ஆளைக் கூண்டுக்குள் தள்ளுகிறது, மற்றொன்று வெளியே கொண்டுவருகிறது.

தமிழில் இந்த வேறுபாடு இல்லாமல் இல்லை; நாம் அதைச் சொல்லில் வைக்காமல் வாக்கிய அமைப்பில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ‘அவன் மேல் எனக்குச் சந்தேகம்’ என்றால் அது சஸ்பெக்ட். ‘அவன் செய்திருப்பானா என்பதே சந்தேகம்’ என்றால் அது டவுட். இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டீர்கள் என்றால், துப்பறியும் கதைகளில் மிக அதிகமாகக் காலை வாரிவிடும் இடத்தைக் கடந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்காட்லாந்து மக்களின் பேச்சு வழக்கில் ‘டவுட்’ என்பது நேர் எதிர்ப்பொருளில் வரும். அங்கே ஒருவர் வானத்தைப் பார்த்து ‘ஐ டவுட் இட்ல் ரெயின்’ என்றால், மழை வந்துவிடும்போலிருக்கிறதே என்று அவர் கவலைப்படுகிறார் என்று பொருள். பழைய ஆங்கில உரைநடையிலும், இப்படி நடந்துவிடுமோ என அஞ்சுகிறேன் என்ற பொருளில் இச்சொல் ஆளப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்காட்லாந்துக்காரராகக் காட்டப்படும் ஒரு பாத்திரம் பேசும்போதோ, கதை மிகப் பழையதாக இருக்கும்போதோ, ‘டவுட்’ வந்த இடத்தில் உடனே முடிவுக்கு வராமல் அடுத்த இரண்டு வரிகளையும் படியுங்கள். பேசியவர் குடையை எடுக்கிறாரா, வைக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். கதைசொல்லியின் நடையில் இது அநேகமாக வராது, மேற்கோள் குறிக்குள் அடங்கிய பேச்சில்தான் வரும். நீங்கள் நூறு நாவல்கள் படித்தாலும் இரண்டு மூன்று முறைதான் இதைச் சந்திக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சந்திக்கும் அன்று, நான் மேலே சொன்ன விதியை நம்பி நீங்கள் மறுபடியும் இருநூறு பக்கங்கள் அலையக்கூடாது.

இனிப் பட்டியல் வியாபாரத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பகத்தார் என்னிடம் இத்தகைய தொகுப்பு ஒன்றைக் கேட்டார்கள்: ஆயிரம் சொற்கள், அகர வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல், மூன்று வார அவகாசம். சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது சேர்க்கலாமே என்றேன். பக்கம் கூடிவிடும் என்றார்கள். நான் விலகிக்கொண்டேன், ஆனால் புத்தகம் வெளிவந்தது. இப்படித்தான் இவை தயாராகின்றன. பின்னர் அவற்றையே வெட்டி ஒட்டி முதல் நிலை, அடுத்த நிலை என்று பெயரிட்டு விற்கிறார்கள். படிப்பவருக்குப் புரியாமல் போனால், நீங்கள் போதிய சொற்களைக் கற்கவில்லை என்று பழியை அவர் மீதே திருப்புகிறார்கள்.

எந்தப் பட்டியலையும் வாங்குமுன் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ‘எவிடன்ஸ்’, ‘விட்னஸ்’ ஆகிய இரண்டு சொற்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் சாட்சி என்று மட்டும் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே மூடிவிடலாம். விட்னஸ் என்பது பார்த்த ஆள். எவிடன்ஸ் என்பது அந்த ஆள் சொன்ன வாக்குமூலமாகவும் இருக்கலாம், கதவுப்பிடியில் பதிந்த கைரேகையாகவும் இருக்கலாம். மேலும், எவிடன்ஸ் என்பதைத் தண்ணீரைப்போல எண்ண முடியாத பொருளாகவே ஆங்கிலம் நடத்துகிறது. ‘எவிடன்ஸஸ்’ என்று பன்மையாக்கக்கூடாது, ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் எவிடன்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘க்ளூ’ அப்படியில்லை, ஒன்று இரண்டு என்று தாராளமாக எண்ணலாம். பழைய ஆங்கிலத்தில் நூற்கண்டைக் குறித்த சொல்லே க்ளூ ஆனது. கிரேக்கப் புராணத்தில் தீசியஸ் புதிர்வழிக் கட்டடத்திலிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய கதையின் தொடர்பால், பின்தொடர்ந்து போகத்தக்க தடயம் என்ற பொருளை அது அடைந்தது.

களவு தொடர்பான சொற்களிலும் இதே கதைதான். ‘ஸ்டீல்’ என்பதற்குப் பிறகு பறிபோன பொருள் வரும். ‘ராப்’ என்பதற்குப் பிறகு பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். வங்கியை ராப் செய்வார்கள், பணத்தை ஸ்டீல் செய்வார்கள். ‘மை போன் வாஸ் ராப்டு’ என்று எழுதினால், யாரோ போனை மிரட்டி அதன் சட்டைப்பையைத் துழாவியதாகப் பொருள்படும்.

ஒரு மனிதர் கதையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லும் சொற்கள்தாம் உங்களுக்கு உடனடியாகத் தேவை. ‘சஸ்பெக்ட்’ என்றால் ஐயத்துக்கு உள்ளானவர். ‘சார்ஜ்டு வித்’ என்று வந்தால் அவர் மீது முறையாகக் குற்றம் சாட்டியாகிவிட்டது. ‘கன்விக்டட் ஆஃப்’ என்று வந்தால் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டது. ‘கல்ப்ரிட்’ மட்டுமே உண்மையில் செய்தவரைக் குறிக்கும். அவர் கடைசிப் பக்கம் வரை யாருடைய பட்டியலிலும் இல்லாமலும் இருக்கலாம். ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொற்களை வினையோடு சேர்த்தே மனத்தில் பதியுங்கள்.

இவற்றையெல்லாம் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சஸ்பெக்ட் என்பதற்கு நிகரான சொல் எது என்று கேட்டுவிட்டு, கல்ப்ரிட் என்பதைச் சரியான விடையாக வைத்திருந்த ஒரு வினாத்தாளை நானே திருத்தியிருக்கிறேன். ஐயத்துக்கு உள்ளானவனும் குற்றவாளியும் ஒன்றுதான் என்றால் துப்பறியும் கதை எதற்கு, நீதிமன்றம்தான் எதற்கு? மறுத்து எழுதினேன், விடைக்குறிப்பை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. ‘பொருத்துக’ என்ற ஒரு வினா வடிவத்துக்காக ஒரு மொழியையே இரண்டு நிரல்களாக நறுக்கி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். புதிய நாவலைத் தொடாமல், உங்களை ஏமாற்றிய அதே நாவலை மீண்டும் எடுங்கள். முடிவு தெரிந்துவிட்டதால் கதையின் பரபரப்பு உங்களை இழுத்துக்கொண்டு ஓடாது, வாக்கியத்தின் அருகில் நின்று பார்க்க முடியும். ஆய்வாளர் வாய் திறக்கும் இடங்களை மட்டும் கோடிட்டு, அத்தியாயத்துக்கு ஐந்து வாக்கியங்களை முழுமையாக நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அவர் இப்போது யாரை நம்புகிறார், யாரை நம்பவில்லை என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லாங்மன் அகராதி 1978-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே சுமார் 2000 எளிய சொற்களுக்குள் தன் விளக்கங்களை எழுதி வருகிறது, இணையத்தில் கட்டணமின்றியும் கிடைக்கிறது. அதில் சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டும் என்ற குறியும் இருக்கும். சஸ்பெக்ட் என்பது ஆளைக் குறிக்கும்போது முதல் அசையையும், சந்தேகிக்கும் செயலைக் குறிக்கும்போது இரண்டாம் அசையையும் அழுத்த வேண்டும் என்பதை அங்கே காண்பீர்கள்.

பட்டியல் விற்றவர் மறுபடி அழைத்தால், டவுட்டுக்கும் சஸ்பெக்ட்டுக்கும் அவருடைய 2000 சொற்கள் என்ன பொருள் தருகின்றன என்று மட்டும் கேளுங்கள்.