நேர்கோடு வராவிட்டால் என்ன?

கேள்வி: எனக்கு வயது 29. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் எடுத்ததே இல்லை. இப்போது வரையப் பழக ஆசை, ஆனால் ஒரு கோடுகூட நேராக வருவதில்லை. இது பிறவியிலேயே வரவேண்டிய திறமைதானே? நல்ல பென்சில் பெட்டி வாங்கினால் சரிவருமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: பெட்டி வேண்டாம். எச்பி பென்சில் ஒன்று, 4பி ஒன்று, பழைய கொப்பியில் மிஞ்சிய தாள், அது போதும். கேகாலைப் பக்கத்தில் ‘போகல’ என்ற சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அந்தக் காரீயத்தோடு (கிராபைட்) களிமண்ணைக் குறைவாகக் கலந்தால் 4பி. அதனால்தான் மென்மையாக, கறுப்பாக விழுகிறது.

நேர்கோட்டை விடுங்கள் தங்கச்சி, நம் மலையில் நேர்கோடு எங்கே இருக்கிறது? தோட்டத்து லயன் வீட்டுக் கூரைத் தகரத்தின் விளிம்பே அலையலையாகத்தான் ஓடுகிறது. நாம் பார்க்காமல் வரைகிறோம், அதுதான் சிக்கல். மலை என்றால் இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன். தேயிலை என்றால் பந்து மாதிரி ஒன்று. கவ்வாத்து வெட்டி, திரும்பத் திரும்பக் கொழுந்தெடுத்து, செடியின் தலை மேசைபோல மட்டமாகக் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும், பென்சிலைப் பிடித்தவுடன் பந்துதான் வருகிறது!

பிறவித் திறமை என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் கையை முடக்கிவிட்டோம், நினைத்தால் கோபம் வருகிறது. கொழுந்து மலையில் ஓர் அக்கா இரண்டு இலையும் ஒரு அரும்புமாக யோசிக்காமலே ஒடித்துப் போடுகிறாரே, அந்தக் கண் பிறக்கும்போதே வந்ததா? தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு வந்த புதிதில் முற்றின இலையும் சேர்த்துப் போட்டு ஏச்சு வாங்கியவர்தான் அவரும்.

சரி, நாளைக் காலை மூட்டம் கலையுமுன் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், கால் மணி நேரம் உட்காருங்கள். பக்கத்துச் செடி கறுப்பு, எதிர்மலை சாம்பல், அதற்குப் பின்னால் இருப்பது வானத்தோடு வானமாக. நடுவில் உள்ள ஈரக்காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அப்படி. பக்கத்தில் இருப்பதை 4பியால் அழுத்தித் தீட்டுங்கள், எதிர்மலைக்கு எச்பி, கடைசி மலைக்கு அதே எச்பியைச் சாய்த்துப் பிடித்துத் தொட்டும் தொடாமலும். சுற்றிக் கோடு போடவே வேண்டாம்; தூரம் தாளில் தெரிய ஆரம்பிக்கும். முதல் பத்துப் படம் கோணலாக வரும், கிழிக்காமல் தேதி போட்டு வையுங்கள்.

அப்புறம், மே பிறந்தால் உங்கள் பக்கம் மழை விடாது, தாள் ஈரம் இழுத்துப் பென்சில் பட்டாலே கிழியும். கொப்பியை அடுப்படிப் பக்கமாக வையுங்கள்.