கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. கோட்டையூர், இரண்டு பிள்ளைகள். தேவகோட்டையில் இருந்த எங்கள் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டை அம்மான்கள் போன வருஷம் விற்றுவிட்டார்கள். அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு ஜனவரியும் புது டைரி வாங்குகிறேன், பொங்கலோடு நின்றுவிடுகிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், நான் 12 நாளைத் தாண்டியதில்லை. எழுத உட்கார்ந்தால் மாமியார் வேறு, என்னத்தை எழுதுறே என்கிறார். தினமும் எழுத வழி சொல்லுங்களேன்.

பதில்: ஆச்சி, (34 வயதில் ஆச்சி என்கிறானே என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் தொட்டிலில் கிடக்கிற பெண் பிள்ளையும் ஆச்சிதானே) முதலில் அந்த 21 நாள் கதையை ஓரமாக வைப்போம். அதை நகரத்தார் நாமே வருஷா வருஷம் பொய்யாக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். திருக்கார்த்திகையில் தொடங்கி, புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை எடுத்து, பிள்ளையார் நோன்பன்று அதைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். மறுநாள் காலையில் யாருக்காவது வேட்டியில் நூல் உருவக் கை பரபரக்கிறதா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக வருகிற அளவுக்குப் பழக, சராசரியாக 66 நாள் என்றார்கள், ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதகம் இல்லையாம். நீங்கள் போகிக்கு வீடு கழுவின அன்று விட்டிருப்பீர்கள். மறுநாள் டைரியைத் திறந்தால் தேதி அச்சடித்த வெற்றுப் பக்கம் முறைத்திருக்கும், மனசு விட்டுப்போயிருக்கும். குற்றவாளி நீங்கள் இல்லை, டைரி. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள், தேதியை நீங்களே போடுங்கள். விட்ட நாள் அதில் தெரியவே தெரியாது. விட்டதைச் சேர்த்து எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம், வட்டி போட்டுத் தின்றுவிடும்.

என் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பர்மாவில் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வந்து கடையும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை, ஆனாலும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் முகப்பில் கைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு அன்றைய குறிப்பை எழுதாமல் படுக்க மாட்டார். அந்த நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. நல்லெண்ணெய், வண்டிக் கூலி, அப்பத்தாவுக்குத் தைலம், இப்படியே பக்கம் பக்கமாக. ஒரு நாள் "செலவு இல்லை. மழை" என்று மட்டும் இருக்கிறது. என் சின்ன அத்தை செத்துப்போன அன்றைக்கும் எழுதியிருக்கிறார். மூங்கில், கோடித் துணி, பூ, மண்பானை. எல்லாவற்றுக்கும் எதிரே தொகை இருக்கிறது, கீழே கோடும் கிழித்திருக்கிறார், கூட்டுத்தொகை மட்டும் போடவில்லை. அவர் நோட்டில் வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவருக்கு எழுத்தாளராகும் எண்ணமெல்லாம் கிடையாது, அதனால்தான் விடாமல் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். நான் ஒரு காலத்தில் நாளுக்கு ஆயிரம் வார்த்தை என்று சபதம் போட்டு நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தேன். அது நிஜக் காய்ச்சல்தானா என்று இன்றைக்கும் சந்தேகம்.

நீங்களும் குறிப்பு எழுதுங்கள், மூன்று வரி போதும். ஆயா வீட்டை மொத்தமாக எழுத உட்காராதீர்கள், அத்தனை கட்டு வீட்டை யாராலும் ஒரே மூச்சில் தூக்க முடியாது. இன்றைக்குப் பின்கட்டுத் தாழ்ப்பாளின் சத்தம், நாளைக்கு வளவில் (நடு முற்றத்தில்) வற்றல் காயப்போட்டுக் காக்காய்க்குக் காவல் இருந்தது, அவ்வளவுதான். வீட்டைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லையா, பால்காரரோடு போட்ட சண்டையை எழுதுங்கள். அப்புறம், நம்மவர்கள் ஒற்றை நோட்டோடு நிறுத்தவில்லை, தெரியுமல்லவா? குறிப்பில் விழுந்ததைப் பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நோட்டில் ஆயாவுக்கு ஒரு பக்கம், சமையல்கட்டுக்கு ஒரு பக்கம், பெரிய அம்மானுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, வாரம் முழுக்க எழுதியதில் உருப்படியான வரிகளை மட்டும் அதில் ஏற்றுங்கள். நாலு மாதத்தில் எந்தப் பக்கம் கனத்திருக்கிறது என்று பாருங்கள், கட்டுரை அங்கேதான் இருக்கும்.

நேரம்? பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்கிறவர்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற வேலை இல்லை என்று அர்த்தம். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு வந்து ஒரு காபி குடிப்பீர்களே, டம்ளர் காலியாகிற வரைக்கும் எழுதுங்கள். நோட்டு காபிப்பொடி டப்பா பக்கத்திலேயே இருக்கட்டும், தேடுகிற வேலை இருந்தால் எழுதுகிற வேலை நடக்காது.

மாமியார் கேட்டால் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டில் கணக்கு எழுதுகிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஒருவேளை எடுத்துப் படித்தாலும் பால்காரர் சண்டையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும், திருத்தம் சொல்லுவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எழுத வரவில்லை என்று சொல்ல எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (மேலே அச்சில் இருப்பது அதன் சுருக்கம்தான்). மூன்றாம் பக்கத்து ஓரத்தில், ஆயா வீட்டுத் திருகையை முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் பார்த்ததாகவும், விலை கேட்காமலே வந்துவிட்டதாகவும் எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். தேதி போட்டு அதை முதல் குறிப்பாக எழுதுங்கள், அடிக்காமல்.