பழைய ஜீன்ஸில் தைத்த கூடை நிற்காமல் சாய்வது ஏன்?

அடிமூலைத் தையல் இல்லாததுதான் காரணம். பக்கத் தையலும் அடித் தையலும் சந்திக்கும் முனையை முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே தைப்பதுதான் அது. வெறும் பைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே உண்டு. தலையணை உறையை நிற்க வைக்க முடியுமா? குறுக்குத் தையல் விழுந்ததும் மளிகைக் கடைக் காகிதப் பை போலத் தட்டையான அடி கிடைத்துவிடுகிறது.

ஜீன்ஸ் காலை வெட்டினால் பக்கத் தையல்கள் தயாராகவே இருக்கும். (முழங்கால் பகுதி வேண்டாம், நைந்திருக்கும்.) உட்புறம் வெளியே தெரியும்படி வைத்து அடியைத் தைத்து, பக்கத் தையலை அடித் தையலின் மேல் பொருத்துங்கள். முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் அடியின் அகலம் 10 செ.மீ. வரும், உயரத்தில் 5 செ.மீ. போய்விடும்.

துணி தடிமனாக இருந்தால் தானாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிமூலை தைக்காவிட்டால் கித்தான் துணியும் சாயத்தான் செய்யும்.