ஏழாம் நாளில் என்எஸ்1 நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கி ஏழாம் நாளில்தான் என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனையை எடுத்திருக்கிறீர்கள். அந்த நெகட்டிவை நம்பி டெங்குவை ஒதுக்காதீர்கள்.

பெரும்பாலும் நாள் தள்ளிப்போனதுதான் காரணம். என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். முதல் நான்கைந்து நாள் ரத்தத்தில் நன்றாகத் தெரியும், எதிர்ப்பொருள் உருவானதும் குறையும். முன்பே டெங்கு வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும்.

இப்போது பார்க்க வேண்டியது டெங்கு ஐஜிஎம், அதாவது அந்த எதிர்ப்பொருளைக் காட்டும் பரிசோதனை. கூடவே முழு ரத்த எண்ணிக்கையும் எடுங்கள். எல்லோரும் தட்டணுக்களையே பார்க்கிறார்கள். ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதை அது காட்டிக்கொடுக்கும்.

ஒன்று, ஐஜிஎம் சில மாதங்களுக்கு முந்தைய தொற்றாலும் பாசிட்டிவ் காட்டலாம். அறிகுறிகளோடு சேர்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், காய்ச்சல் விட்டுவிட்டது என்று அசந்துவிடாதீர்கள், ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம்.