பைக்கை வண்டியில் ஏற்றிக் கட்டுவது எப்படி? கேள்வி பதில்

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் பைக்குகளை ஏற்றிக்கொண்டு போவது என் வேலையில் ஒரு பகுதி. வீடு மாற்றுபவர்கள், ஊருக்குப் பைக் அனுப்புபவர்கள், லடாக் கிளம்புபவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ குட்டியானையில் (டாடா ஏஸ்) சென்னைக்குக் கொண்டு போகணும். சைடு ஸ்டாண்டு போட்டு, நைலான் கயிறு கட்டி, ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிடிச்சுக்கிட்டா போதும்னு டிரைவர் சொல்றார். சரியா?

தம்பி, அந்த ஆளை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் பைக் 195 கிலோ. சடன் பிரேக் போட்டால் எடையில் 80 சதவீத விசை முன்பக்கமாகவும், வளைவில் 50 சதவீத விசை பக்கவாட்டிலும் வரும் என்று வைத்துத்தான் சரக்குக் கட்டக் கணக்குப் போடுகிறார்கள். அதாவது முன்னால் 156 கிலோ, பக்கவாட்டில் 97.5 கிலோ. ஓடும் வண்டியில் குந்தி உட்கார்ந்திருக்கும் ஒருவரால் இதைத் தாங்க முடியாது. பைக் சாய்ந்தால் அவர் கட்டாயம் கை நீட்டுவார், வண்டியின் பக்கச் சுவருக்கும் பைக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தவறு. சரியாகக் கட்டிய பைக்கைப் பிடித்துக்கொள்ள ஆளே தேவையில்லை. ஆள் தேவை என்று டிரைவர் சொன்னால், கட்டு சரியில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம்.

சைடு ஸ்டாண்டும் வேண்டாம். மேலிருந்து பெல்ட் இழுக்க இழுக்க முழுப் பாரமும் அந்த ஒற்றைக் காலுக்குப் போகும். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் மேல் அடி விழும். ஸ்டாண்டு வளையும், அது பொருந்தியிருக்கும் இடத்தில் சேஸில் விரிசல்கூட விழலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டுக் கட்டினால் பிரேக் அடிக்கும்போது பைக் முன்னால் தள்ளி ஸ்டாண்டு மடங்கிவிடும். பைக் இரண்டு சக்கரத்திலும் நேராக நிற்க வேண்டும். ஸ்டாண்டு மேலே மடங்கியிருக்க வேண்டும்.

அதே நபர்: அப்போ எங்கே, எப்படிக் கட்டணும்? முழுசா சொல்லுங்க அண்ணா.

முன் டயர் வண்டியின் முன்சுவரில் முட்டி நிற்கட்டும். டயருக்கு இரண்டு பக்கமும் நகராதபடி கட்டை கொடுங்கள். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வீல் சாக் இருந்தால் இன்னும் நல்லது. குட்டியானையின் பாடி சுமார் 7 அடி, கிளாசிக்கும் ஏறக்குறைய அதே நீளம்தான். அதனால் பின்கதவு மூடுகிறதா என்று பெல்ட் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும், ஸ்டியரிங் லாக் போடாதீர்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இனி நான்கு ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை). முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் பெல்ட்டுகளை ஹேண்டில் பார் நுனியில் மாட்டாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ் டி-யில் (குறுக்குப் பாலத்தில்) மாட்டுங்கள். இரும்புக் கொக்கி நேராகப் படாமல், துணிப் பட்டையால் ஆன சாஃப்ட் லூப்பைச் சுற்றி, அதில் கொக்கியைப் போடுங்கள். அங்கே பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் ஓடும், அவை லூப்புக்குள் நசுங்கக் கூடாது. பெல்ட் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்கினால் பக்கவாட்டு ஆட்டம் நிற்காது. படுத்த மாதிரி போனால் கீழ்நோக்கிய பிடி இருக்காது.

இடது பெல்ட்டைக் கொஞ்சம், வலதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுசாக இறுக்கினால் பைக் அந்தப் பக்கம் இழுபடும். முன்பக்கம் இரண்டும் பிடித்ததுமே பைக் தானாக நிற்கும். அதுவரை ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

பின் பெல்ட்டுகளின் வேலை வேறு. பின்சக்கரம் துள்ளாமலும் பக்கவாட்டில் வழுக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், சேஸ் குழாய், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இவற்றில் மாட்டி, சற்றுப் பின்னோக்கி இழுங்கள். சைலன்சர், இண்டிகேட்டர், பிளாஸ்டிக் கைப்பிடி பக்கமே போகாதீர்கள். பெல்ட் தகரத்தின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டைக் கொடுங்கள். பெல்ட்டை அறுப்பது பெரும்பாலும் அந்த விளிம்புதான். மிச்சமான பெல்ட் வாலைச் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்றில் அடித்து பெயிண்டைக் கெடுக்காது.

ஈரோட்டிலிருந்து: முன் ஷாக்கை எவ்வளவு அமுக்கணும் சார்? ஆயில் சீல் போயிடும்னு மெக்கானிக் பயமுறுத்துறார்.

பாதிதான், முழுசாக அமுக்க வேண்டாம். கிளாசிக் 350-இன் முன் ஃபோர்க் மொத்தமே 130 மில்லிமீட்டர்தான் ஓடும். நிற்கும்போதே தன் எடையில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கு மேல் 4, 5 சென்டிமீட்டர் அமுங்கினால் போதும்.

ஏன் அமுக்குகிறோம் என்பது புரிந்தால் அளவும் தானாகப் புரியும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பைக்கின் ஷாக் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அந்த நொடியில் பெல்ட் தொய்யும், வாய் திறந்த கொக்கி நழுவிவிடும். முன்கூட்டியே ஓரளவு அமுக்கியிருந்தால் ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட்டும் விறைப்பாகவே இருக்கும். கடைசி வரை அமுக்கிவிட்டால் ஷாக்குக்கு வேலையே இல்லாமல் அதிர்ச்சி முழுவதும் சேஸுக்கும் பெல்ட்டுக்கும் போகும். உங்கள் மெக்கானிக்கின் பயம் அந்த அளவுக்குப் பொருந்தும். பாதி அமுக்கத்தில் ஒரு நாள் பயணத்துக்குச் சீல் கெடாது. மோட்டோகிராஸ் ஆட்கள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கட்டை வைப்பார்கள். நம் சாலை பைக்குகளில் மட்கார்டு டயரை ஒட்டி இருப்பதால் அது சரிவராது.

மதுரையிலிருந்து: கயிறே போதாதா? பெல்ட் வாங்கினா எதை வாங்கணும்?

நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். காலையில் விறைப்பாக இருந்த கட்டு மதியத்துக்குள் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் பட்டையில் செய்த ராட்செட் பெல்ட் அவ்வளவு நீளாது. பைக்குக்கு 25 அல்லது 35 மில்லிமீட்டர் அகலம் போதும். லாரிக்காரர்களின் 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் கைக்குத் தெரியாமலே அளவுக்கு மீறி இறுகிவிடும்.

லேபிளைப் படித்து வாங்குங்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடியது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு பெல்ட்டும் தனியாகவே பைக்கின் முழு எடையைத் தாங்க வேண்டும், அதுதான் நான் பார்க்கும் அளவு. கொக்கியின் வாயில் ஸ்பிரிங் பூட்டு இருக்கட்டும். லேபிளே இல்லாத பெல்ட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெயிலில் வெளுத்தது, ஓரம் பிரிந்தது எல்லாம் குப்பைக்கு.

சேலத்திலிருந்து: கியர்ல விடணுமா, நியூட்ரலா?

முதல் கியரில் விடுங்கள். ஆனால் பைக்கைப் பிடிக்க வேண்டியது பெல்ட்டும் கட்டையும்தான், கியர் கூடுதல் உதவி. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அக்கா: என் ஆக்டிவாவைக் கட்ட இடமே தெரியல. எல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கு.

அக்கா, ஸ்கூட்டரில் அது உண்மைதான். முன்சக்கரத்துக்கு மேலே, பேனலுக்குக் கீழே கை விட்டால் ஸ்டியரிங் தண்டும் ஃபோர்க்கும் கிடைக்கும். சாஃப்ட் லூப்பை அங்கே சுற்றலாம். பின்னால் இரும்புக் கிராப் ரெயில் உறுதியாக இருந்தால் அதில் மாட்டலாம். கால் வைக்கும் தளத்தின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, குறுக்கே ஒரு பெல்ட் மிதமாகக் கொடுங்கள். கண்ணாடி இரண்டையும் கழற்றி டிக்கிக்குள் வைத்துவிடுங்கள்.

கோவையிலிருந்து: பொலேரோ பிக்கப்பில் ரெண்டு பைக் போகுமா?

போகும். ஒன்றின் தலை முன்பக்கம், மற்றதன் தலை பின்பக்கம் பார்த்து நிற்கட்டும். அப்போது ஹேண்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காது. இரண்டையும் தனித்தனியாக நான்கு பெல்ட்டில் கட்டுங்கள். ஒரு பைக்கை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டினால் ஒன்று சாயும்போது இரண்டும் சாயும். நடுவில் பழைய மெத்தைத் துண்டு வைக்கலாம். தளர்வாகத் தார்ப்பாய் போர்த்தாதீர்கள். காற்றில் அது அடித்து, இடையில் சேரும் தூசியே டேங்க் பெயிண்டை உரசிவிடும்.

திண்டுக்கல்லிலிருந்து: ஏத்துறதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. பலகை வழியா ஓட்டியே ஏத்திடலாமா?

வேண்டாம். ஏறும்போது கால் ஊன்ற இடமிருக்காது. 8 அடிப் பலகையை 70 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாய்த்தால் சாய்வு ஏறக்குறைய 17 டிகிரி. அதுவே செங்குத்துதான். முதலில் சாய்வைக் குறையுங்கள். சாலையோர மேட்டில் பலகையின் கால் இருக்கும்படி வண்டியைப் பள்ளத்துப் பக்கம் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பலகையின் மேல்முனையை வண்டியோடு கட்டிவிடுங்கள். சக்கரம் ஏறும்போது பலகை பின்னால் உதைத்துக்கொண்டு போவதுதான் வழக்கமான விபத்து. ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்து நடக்க, இன்னும் இரண்டு பேர் பின்னால் பக்கவாட்டில் நின்று தள்ளட்டும். பைக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

சென்னையிலிருந்து: காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி டிராக்குக்குப் போக ஆசை. வேற என்ன பார்க்கணும்?

கட்டும் முறை அதேதான். கூடுதலாக வருவது எடை எங்கே நிற்கிறது என்பது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரோடு டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்கு பைக்கின் எஞ்சின், டிரெய்லர் சக்கரங்களின் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்துங்கள். எடை பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் காரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு உண்டு. நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர், பாதுகாப்புச் சங்கிலி இல்லாத டிரெய்லரைச் சாலையில் இறக்க வேண்டாம்.

வேலூரிலிருந்து: லடாக் போக சென்னை சென்ட்ரலில் இருந்து டெல்லிக்கு ரயிலில் பைக் அனுப்பறேன். அங்கே எப்படிக் கட்டுவாங்க?

அங்கே கட்டு உங்கள் கையில் இல்லை. அதனால் பேக்கிங்கில்தான் கவனம் வேண்டும். டேங்கில் பெட்ரோல் சொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் கொண்டு போங்கள். கண்ணாடிகளைக் கழற்றுங்கள். லீவர்கள், ஹெட்லைட், டேங்க், சைலன்சர் இவற்றுக்கு முதலில் ஃபோம், அதன்மேல் அட்டை, அதன்மேல் சாக்கு என்று வையுங்கள். வெறும் சாக்கு பெயிண்டில் உரசும். மற்ற பார்சல்கள் பைக்கின் மேல் சாயும் என்று எதிர்பார்த்தே பேக் செய்யுங்கள். பேக் செய்யும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

திருப்பூர் தம்பி மறுபடியும்: கட்டி முடிச்சாச்சு அண்ணா. வழியில எத்தனை தடவை நிறுத்திப் பார்க்கணும்?

கிளம்பும் முன் சீட்டைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். பைக் ஆடினால் முழு வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும். 20 கிலோமீட்டர் போனதும் கட்டாயம் நிறுத்துங்கள். முதல் தளர்வு அங்கேதான் தெரியும், டயரும் லூப்பும் அப்போதுதான் தங்கள் இடத்தில் அமரும். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மழை பெய்தால் மழை விட்டதும் ஒருமுறை. டிரைவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் நிறுத்தத்தில் நான்கு பெல்ட்டும் தெரியும்படி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.